குளிர் மலையில் உவர்நீர் மீன்



வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய சுயதொழில்களில் அலங்கார மீன் வளர்ப்பையும் இப்போது பலர் சொல்கிறார்கள். புசல்லாவையில் எமது மகளிர் குழுவிலும் இந்தப் பேச்சு எழுந்தது. எழுப்பியவர், 1990இல் சிறுமியாக மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, உறவினரை நம்பி மலையேறி வந்த ஒரு சகோதரி. "மிஸ், எங்கட வாவியில திரியிற மீன் இந்தக் குளிரில தாங்குமா? சீட்டுக்காசு வருது, தொட்டி வாங்கலாமா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட மீன் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் சமைக்கும் திலாப்பியாவும் இக்குடும்பமே. ஆனால் அது ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. இலங்கையில் இயற்கையாகவே வாழும் சிக்லிட்கள் இரண்டு. ஒன்று, சிங்களத்தில் கொரளியா என்றும் கேரளத்தில் கரிமீன் என்றும் சொல்லப்படும் பச்சைக் குரோமைட். இது ஓர் அடிக்கு மேலும் வளரும். சிறு தொட்டிக்கு ஏற்றதல்ல. மற்றது, 8 சென்ரிமீற்றர் அளவே வளரும் ஒரேஞ் குரோமைட். இது வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது.

சிக்லிட்களில் சில வியப்பானவை. கென்யாவின் மகாடி ஏரியில் நீர் சுடும். சலவைச் சோடா கரைந்த காரநீர் அது. அங்கும் ஒரு சிறு சிக்லிட் வாழ்கிறது. மற்ற மீன்கள் அமோனியாவாக வெளியேற்றும் கழிவை அது யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது. அந்த நீருக்கே பழகிய உடம்பு அதற்கு.

ஒரேஞ் குரோமைட்டுக்கு அவ்வளவு சூடு வேண்டாம். 25 முதல் 28 பாகை செல்சியஸ் போதும். நன்னீரிலும் வாழும், ஆனால் சற்று உவர்ப்பான நீரில் நோயின்றி இருக்கும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இதற்கு 8 கிராம் போதுமானது. 50 லீற்றர் தொட்டிக்கு 400 கிராம். மீன்தொட்டிக்கென விற்கும் கடலுப்பே சிறந்தது. அதைத் தனியாக நீரில் கரைத்து, சில நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மலைநீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் கழுவிய சிப்பி ஓடுகளை அடியில் இடலாம்.

ஒன்றை மறவாதீர்கள்: நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு வெறும் நீரையே ஊற்றுங்கள். பழைய நீரை அகற்றிப் புதுநீர் மாற்றும்போது மட்டும், அந்த நீருக்குரிய உப்பைச் சேருங்கள்.

இனிச் செலவைப் பார்ப்போம். 50 லீற்றருக்கு 50 வாற்று மின்சூடாக்கி தேவை. அது நாளில் பாதி நேரம் எரிந்தாலே மாதம் 18 அலகு மின்சாரம். லயத்து வீட்டு மின்பட்டியலில் இது சிறிய தொகையல்ல. தொட்டியின் பின்புறமும் பக்கங்களும் ரெஜிபோம் ஒட்டி, மேலே மூடியிட்டால் சூடு தங்கும். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அப்படியான இரவுகளில் தொட்டியைக் கம்பளியால் சுற்றிவைக்கலாம். காற்றுப் போக ஓர் இடைவெளி மட்டும் விடுங்கள்.

இம்மீனில் ஆண், பெண் பிரித்தறிவது கடினம். ஆகவே ஆறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவையே சோடி சேர விடவேண்டும். தாயும் தகப்பனும் சேர்ந்தே முட்டையைக் காக்கும். பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் தோலில் ஊறும் சளியையும் கொத்தி உண்ணும். அந்நாட்களில் பெற்றோரைப் பிரிக்கக்கூடாது.

எல்லாவற்றையும் கேட்டபின் அந்தச் சகோதரி கணக்குப் போட்டார். சீட்டுக்காசு முழுவதையும் போடாமல், ஒரே தொட்டியுடன் தொடங்குவதென்று முடிவெடுத்தார். ஆறு மாதம் மின்பட்டியலையும், பிழைத்த குஞ்சுகளையும், வாங்குவோர் சொல்லும் விலையையும் ஒரு கொப்பியில் எழுதிவருவார். அதன் பிறகே இரண்டாவது தொட்டி.

நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். தொட்டி வாங்குமுன், உங்கள் பகுதிக்குரிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை உத்தியோகத்தரையும் விசாரியுங்கள். வளர்க்க முடியாமற் போனாலும் மீன்களை ஓடையிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். வளர்க்கக்கூடிய இன்னொருவரிடம் கொடுங்கள்.