டூரிஸ்ட் விசாவில் போய் ஆறு மாசம் ஆபீஸ் வேலை பார்க்கலாமா?

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். விசா விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் போடுவதற்கு முன் அந்த நாட்டின் அதிகாரபூர்வ தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

போன மாசம் ஊருக்கு, அதாவது தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ரோச் பூங்கால உட்கார்ந்திருந்தப்போ எங்க தெருத் தம்பி ஒருத்தன் வந்தான். ஐ.டி. வேலை, வீட்ல இருந்தே பார்க்கிறான்.

"அண்ணே, தாய்லாந்துக்கு விசாவே வேண்டாமாம்லா. 60 நாள் இருக்கலாம். முடியுறப்போ பக்கத்து நாட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தா இன்னொரு 60 நாள். இப்படியே ஆறு மாசம் ஓட்டிரலாம்ணே. லேப்டாப் இருந்தா போதும்லா?"

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"வீட்லருந்து வேலைன்னுதான் அவங்களுக்குத் தெரியும்."

இதே கேள்வி உங்கள்ல நிறைய பேர்கிட்ட இருந்தும் வந்திருக்கு. அவனுக்கு அன்னைக்குச் சொன்னதைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் விரிவாப் பேசப் போறேன்.

எத்தனை நாள்னு மட்டும் பார்க்காதீங்க

தம்பி சொன்ன 60 நாள் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னா, 2024 ஜூலை 15-லிருந்து இந்தியா உட்பட 93 நாடுகளோட பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க விசா இல்லாம 60 நாள் தங்கலாம்னு தாய்லாந்து அறிவிச்சது. அதைக் குறைக்கணும்னு அங்கேயே சீக்கிரமே பேச்சும் ஆரம்பிச்சிடுச்சு. மலேசியா 2023 டிசம்பர்ல இருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாம அனுமதி தந்தது. இந்தோனேசியாவுல ஆன் அரைவல் விசா 30 நாள், இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம்.

நாம எல்லாரும் இந்த எண்ணை மட்டும் பார்க்கிறோம். ஆனா அனுமதியில ரெண்டு பாதி இருக்கு. ஒண்ணு, எத்தனை நாள். இன்னொண்ணு, எதுக்காக. சுற்றுலா அனுமதிங்கிறது ஊர் பார்க்க, சொந்தக்காரங்களைப் பார்க்க, ஓய்வெடுக்க. வேலை பார்க்கக் கூடாதுன்னு பெரும்பாலும் எல்லா நாட்டுச் சட்டத்துலயும் இருக்கு.

"நான் அந்த ஊர்க்காரன் வேலையை எடுக்கலையே, சம்பளம் இந்தியாவுல இருந்துதானே வருது?" நியாயமான கேள்விதான். இந்தச் சட்டங்கள் எழுதுறப்போ லேப்டாப்ல வேலை பார்க்கிறவங்களை யாரும் யோசிக்கலை. அதனால பல நாடுகள்ல இது தெளிவில்லாத இடமாவே இருக்கு. ரெண்டு நாள் மெயிலுக்குப் பதில் போட்டா யாரும் வந்து கேட்கப் போறதில்லை. ஆறு மாசம் அங்கேயே உட்கார்ந்து தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறது வேற விஷயம். அதைச் சுற்றுலான்னு சொல்றது கஷ்டம். தெளிவில்லாத சட்டத்துல பிரச்சினை என்னன்னா, அதுக்கு அர்த்தம் சொல்லப் போறது கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கிற ஆபீசர்தான், நீங்க இல்ல.

இந்தக் கடலுக்கு விசா வந்த கதை

இது நம்ம கரைக்குப் புதுசு இல்ல. தூத்துக்குடியில இருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். வ.உ.சி. 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினதே இந்த வழியில ஓட்டத்தான். அதுக்கும் முன்னாடியே நம்ம முத்துக்குளிக்கிறவங்க சீசனுக்கு இலங்கை மன்னார் பக்கம் போவாங்க. மரிச்சுக்கட்டியில சீசன் நடக்கிற அந்தச் சில வாரத்துக்கு மட்டும் ஒரு ஊரே முளைக்கும். முடிஞ்சா எல்லாரும் திரும்பிருவாங்க. அவங்களைக் கூப்பிட்டதும், குளிக்க நாள் குறிச்சதும், சிப்பியில பங்கு எடுத்துக்கிட்டதும் அங்க இருந்த அரசாங்கம்தான். எதுக்கு வந்திருக்காங்கன்னு ரெண்டு பக்கமும் தெரியும்.

கடை கண்ணி வைக்கவும் நம்ம ஆட்கள் கொழும்புக்குப் போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. 1948-ல இலங்கை சுதந்திரம் வாங்கினதும் குடியுரிமைச் சட்டம் வந்தது, குடிவரவுச் சட்டமும் வந்தது. நேத்து வரைக்கும் வழக்கமா இருந்த போக்குவரத்து ஒரு சட்டத்துல மாறிப் போச்சு. தற்காலிக வசிப்பு அனுமதி, அதாவது டி.ஆர்.பி., இருந்தாத்தான் அங்க இருக்கலாம்னு ஆச்சு. என் தாத்தா புறக்கோட்டையில ஒரு மளிகைக் கடையில கணக்கு எழுதிட்டு இருந்தவர். அனுமதி நீட்டிப்பு கிடைக்காம ஒரு டிரங்குப் பெட்டியோட ஊர் வந்து சேர்ந்தார். அனுமதி இல்லாம படகுல போனவங்களுக்கு ஒரு பேரு வந்தது: கள்ளத்தோணி. அப்புறம் அங்கேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழரைக்கூட அந்தப் பேரைச் சொல்லி இழிவுபடுத்தினாங்க.

தாத்தாவோட நிலைமையும் லேப்டாப் தூக்கிட்டுப் போற நம்ம நிலைமையும் ஒண்ணுன்னு சொல்லலை. அவர் பிழைப்புக்குப் போனார், நாம விரும்பிப் போறோம். ஆனா ஒரு விஷயம் மாறவே இல்ல. இன்னொரு நாட்டுல நாம தங்குறது அந்த நாடு கொடுக்கிற அனுமதி. அதை அவங்க எப்போ வேணும்னாலும் மாத்தலாம்.

உனவட்டுனையில நடந்தது

அதே இலங்கையில, கிட்டத்துல நடந்த ஒண்ணு சொல்றேன். 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் தொடங்கினதும், இலங்கையில இருந்த ரஷ்ய, உக்ரைன் சுற்றுலாப் பயணிகளுக்கு விசாவை நீட்டிச்சுக் கொடுத்துட்டே இருந்தாங்க. நிறைய பேர் காலி மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள்ல தங்கிட்டாங்க. சிலர் ஆன்லைன்ல வேலை பார்த்தாங்க. சிலர் அங்கேயே ஹோட்டல், பார்ட்டி, டூர்னு தொழில் தொடங்கிட்டாங்க. உள்ளூர்க்காரங்க பிழைப்பு அடிபடுதுன்னு முணுமுணுப்பு வந்தது.

2024 பிப்ரவரியில உனவட்டுனையில ஒரு பார்ட்டிக்கு "வெள்ளையர்களுக்கு மட்டும்"னு விளம்பரம் வந்தது. நாடே கொதிச்சுப் போச்சு, பார்ட்டி ரத்தாச்சு. அதே நேரத்துல குடிவரவுத் துறை, இனி நீட்டிப்பு இல்ல, ரெண்டு வாரத்துல கிளம்புங்கன்னு அறிவிச்சது. அமைச்சரவை ஒப்புதல் இல்லாம எப்படி அறிவிச்சாங்கன்னு ஜனாதிபதி அலுவலகம் விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு.

அந்த நாட்கள்ல அங்க இருந்த ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. வாடகைக்கு முன்பணம் கொடுத்தாச்சு, பிள்ளையை அங்க ஸ்கூல்ல சேர்த்தாச்சு. கிளம்பணுமா, இருக்கலாமான்னே தெரியாது. யாரோ போட்ட பார்ட்டிக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. ஆனா சுற்றுலா விசாவுல இருக்கிறவருக்கு "நான் இங்க இருக்கேன்"னு சொல்ல எந்தப் பிடியும் கிடையாது.

மூணாவது தடவை கேட்ட கேள்வி

பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து புது முத்திரை வாங்குறதுக்கு "விசா ரன்"னு பேரு. நானும் பண்ணியிருக்கேன். நாட்டுப் பேரு வேண்டாம். முதல் தடவை யாரும் ஒண்ணும் கேட்கலை. ரெண்டாவது தடவையும் கேட்கலை. மூணாவது தடவை அந்த அம்மா பாஸ்போர்ட்டைப் புரட்டிட்டு, "இங்க என்ன பண்றீங்க?"ன்னாங்க. "சுத்திப் பார்க்கிறேன்"னேன். "நாலு மாசமாவா?"ன்னாங்க. திரும்பிப் போற டிக்கெட்டையும் கையில இருக்கிற பணத்தையும் காட்டச் சொன்னாங்க. கடைசியில முத்திரை விழுந்தது. ஆனா அந்தப் பத்து நிமிஷம் நான் பொய்தான் சொல்லிட்டு நின்னேன். தப்பு என்னோடதுதான்.

2025 நவம்பர்ல தாய்லாந்து குடிவரவுத் துறை, தகுந்த காரணம் இல்லாம ரெண்டு தடவைக்கு மேல இப்படி வர்றவங்களை உள்ள விடாம திருப்பி அனுப்பலாம்னு சொல்லிடுச்சு. நாள் கணக்கு தப்பினாலும் காசுதான். தாய்லாந்துல ஒரு நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. இந்தோனேசியாவுல ஒரு நாளைக்கு 10 லட்சம் ருபியா.

கப்பல்காரங்க போடுற கணக்கு

வரி விஷயத்துக்கு வருவோம். தூத்துக்குடியில மெர்ச்சன்ட் நேவி மாமாக்கள் எல்லாருக்கும் ஒரு எண் மனப்பாடம்: 182. ஒரு நிதியாண்டுல 182 நாளோ அதுக்கு மேலயோ இந்தியாவுல இருந்தா, வருமான வரிச் சட்டப்படி நீங்க இங்க வசிக்கிறவர்.

பல பேருக்குத் தெரியாத இன்னொரு வரி அதுலயே இருக்கு. அந்த ஆண்டுல 60 நாள் இந்தியாவுல இருந்து, அதுக்கு முந்தின நாலு வருஷத்துல மொத்தம் 365 நாள் இருந்திருந்தாலும் நீங்க இங்க வசிக்கிறவர்தான். வேலைக்காக வெளிநாடு போற இந்தியருக்கும், இந்தியக் கப்பல்ல வேலைக்குப் போறவருக்கும் அந்த 60, 182 ஆகுது.

இப்போ நம்ம தம்பியைப் பாருங்க. ஆறு மாசம் தாய்லாந்து, மீதி ஆறு மாசம் ஊர். அப்போ அவன் சம்பளத்துக்கு வரி இங்கதான். "நான் வேலைக்காக வெளிநாடு போனேன்"னு வருமான வரி ஆபீஸ்ல சொல்லலாமான்னா, பாஸ்போர்ட்ல விழுந்திருக்கிறது சுற்றுலா முத்திரை. இமிக்ரேஷன்ல வேலை இல்லன்னு சொல்லிட்டு, இங்க வந்து வேலைன்னு சொன்னா ரெண்டுல ஒண்ணு பொய்னு ஆகிடும்.

அந்தப் பக்கமும் ஒரு கணக்கு இருக்கு. ஒரு காலண்டர் வருஷத்துல 180 நாள் தாய்லாந்துல இருந்தா அங்கயும் வரி வசிப்பாளர் ஆகிடுவீங்க. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல வரி ஒப்பந்தம் இருக்கு, ஆனா அதைப் பயன்படுத்தணும்னா எல்லாத்தையும் வெளிப்படையாக் காட்டணும். ஒளிஞ்சு தங்குறவருக்கு அது உதவாது.

நேர்வழி இருக்கு

நல்ல செய்தி, நம்மளை மாதிரி ஆட்களுக்குன்னே இப்போ தனி விசாக்கள் இருக்கு.

தாய்லாந்தோட டி.டி.வி. (நம்ம ஊர் அரசியல் டி.டி.வி. இல்ல) 2024 ஜூலையில வந்தது. அஞ்சு வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவையும் 180 நாள் தங்கலாம். கணக்குல 5 லட்சம் பாட் காட்டணும், வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறதுக்கு ஆதாரம் காட்டணும். மலேசியாவோட டி.இ. ரன்தாவ் 3 மாசத்துல இருந்து 12 மாசம் வரைக்கும். ஐ.டி. ஆட்கள்னா வருஷ வருமானம் 24,000 டாலருக்கு மேல இருக்கணும்னு தொடங்கினாங்க. இந்தோனேசியாவோட ஈ33ஜி ஒரு வருஷம், ஆனா வருமானம் வருஷத்துக்கு 60,000 டாலர் கேட்கிறாங்க.

இந்தத் தொகையைப் பார்த்ததும் சுற்றுலா முத்திரையே போதும்னு ஏன் தோணுதுன்னு எனக்குப் புரியுது. நம்ம ஊர்ச் சம்பளத்துக்கு இதெல்லாம் எட்டாத உயரம். எட்டலைன்னா, ஒரு மாசம் நிஜமாவே சுற்றுலா போங்க. லீவு போட்டுட்டுப் போங்க.

இன்னொரு எச்சரிக்கை. "விசா வேண்டாம், வந்து சேருங்க, வேலை தர்றோம்"னு யாராவது கூப்பிட்டா போகாதீங்க. அப்படித் தாய்லாந்துக்குப் போனவங்களைத்தான் எல்லை தாண்டி மியான்மர்ல சைபர் மோசடிக் கூடங்கள்ல அடைச்சாங்க. 2025 மார்ச்சுல மட்டும் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள்ல மீட்டுக் கொண்டு வந்தாங்க. அங்க மாட்டினவங்கள்ல தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

தம்பிக்குச் சொன்னது

கடைசியா அவன்கிட்ட நாலு கேள்வி கேட்டேன். எங்கருந்து வேலை பார்க்கப் போறேன்னு கம்பெனிகிட்ட எழுத்துல அனுமதி இருக்கா? ஸ்கூட்டர்ல விழுந்தா உன் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுமா, அதுக்கு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வேணுமான்னு பார்த்தியா? ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பினா அன்னைக்கே டிக்கெட் போட கையில காசு இருக்கா? எங்க இருக்கேன்னு உங்க அம்மாவுக்குத் தெரியுமா?

கடைசிக் கேள்விக்குத்தான் ரொம்ப நேரம் யோசிச்சான். "பெங்களூருன்னு சொல்லலாம்னு இருந்தேன்ணே"ன்னான்.

போன வாரம் போன் பண்ணினான். மேனேஜர்கிட்ட கேட்டிருக்கான். வெளிநாட்டுல இருந்து லாகின் பண்ண அனுமதி இல்ல, தெரிஞ்சா வேலை போயிடும்னு சொல்லிட்டாங்களாம். பதினஞ்சு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கான். டிசம்பர்ல சியாங் மாய் போறான், லேப்டாப் வீட்ல இருக்கப் போகுது. அம்மாகிட்டயும் சொல்லிட்டான். அவங்க ரெண்டு டப்பா மக்ரூன் கட்டிக் கொடுக்கிறதா இருக்காங்களாம்.

உங்க அனுபவம் ஏதாவது இருந்தா குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.