பனடோலும் கல்லீரலும்



தலைவலியா, மேல்வலியா, 'ரெண்டு பனடோல் போட்டா சரியாப் போயிடும்' என்கிறோம். நல்ல மருந்துதான். ஆனால் அளவு மீறினால் கல்லீரலையே அழித்துவிடும்.

பனடோலில் உள்ள மருந்துக்குப் பாரசிட்டமோல் என்று பெயர். அதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சை அடக்கக் கல்லீரல் 'குளூட்டத்தயோன்' என்ற பொருளை இருப்பு வைத்திருக்கிறது. முட்டை, மீன், பருப்பில் இருந்து கிடைக்கும் சிஸ்டீன் என்ற கந்தகச் சத்து இல்லாமல் அது உண்டாகாது. மாத்திரை கூடக்கூட இருப்பு கரையும். தீர்ந்தால் நஞ்சு ஈரலைத் தாக்கும். பட்டினி கிடப்பவருக்கும் தினமும் சம்சு குடிப்பவருக்கும் இருப்பே குறைவு. குடித்த மறுநாள் தலைவலிக்கு மாத்திரையை அள்ளிப் போடுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்!

பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது. மெலிந்தவர்களும் குடிப்பவர்களும் டாக்டரைக் கேட்டு இன்னும் குறைவாகச் சாப்பிட வேண்டும். கடையில் விற்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாரசிட்டமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு.

இதில் ஏமாற்று வேலை ஒன்று உண்டு. அதிகமாக விழுங்கியவர் முதல் நாள் நன்றாகவே நடமாடுவார், மிஞ்சினால் வாந்தி. 'ஒண்ணும் ஆகலியே, காலையில பாத்துக்கலாம்' என்று வீட்டார் படுத்துவிடுவார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள், பிறகு புத்தித் தடுமாற்றம்.

மாற்று மருந்து இருக்கிறது. 1977ல் எடின்பரோ நகரத்து டாக்டர் பிரெஸ்காட் குழுவினர், அசிட்டைல் சிஸ்டீன் என்ற மருந்தை ஊசி வழியாக ஏற்றிக் கண்ட பலனை வெளியிட்டார்கள். அதே கந்தகச் சத்துதான். அழுகிய முட்டை வாடை அடிக்கும்! கரைந்த இருப்பை அது மறுபடி நிரப்புகிறது. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் கல்லீரல் அநேகமாகத் தப்பிவிடும். நேரம் கடந்தாலும் பலன் உண்டு, போகாமல் இருந்துவிடாதீர்கள்.

நம் பினாங்கு கெலுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், 1994 முதல் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. டாக்டர்களும் பொதுமக்களும் அங்கே யோசனை கேட்கலாம். ஆனால் அளவு மீறியது தெரிந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வீட்டுச் சண்டையில் விழுங்கிவிட்டு, வெட்கத்தில் மறைக்கிற பிள்ளைகளும் உண்டு. ஏசாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.