போட்டோவில் வராத ஆறு நாட்கள்: ஒரு சேவைச் சங்கம் எப்படி ஓடுது?

பள்ளிக்கூட காம்பவுண்ட் சுவர், பஸ் நிழற்குடை, அரசு ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கிற குடிநீர்த் தொட்டி. தமிழ்நாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் இந்த மாதிரி இடங்கள்ல ரெண்டு சின்னத்தைப் பார்க்கலாம். ஒண்ணு பல்சக்கரம், அது ரோட்டரி. இன்னொண்ணு ரெண்டு பக்கமும் பார்க்கிற சிங்க முகம், அது அரிமா சங்கம். காலேஜுக்குள்ள வந்தா இவங்களோட தம்பி தங்கச்சிகளான ரோட்டராக்ட்டும் லியோவும் இருக்கும். கூடவே அரசாங்கம் நடத்துற என்.எஸ்.எஸ்.

இவங்களைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் போட்டோதான். பேனர் முன்னாடி வரிசையா நின்னு, சால்வை போர்த்தி, ஒரே ஒரு மரக்கன்றை நாலு பேர் சேர்ந்து பிடிச்சு எடுத்த போட்டோ. "இவ்வளவுதானா?"ன்னு கேட்கத் தோணும். நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கான பதில், போட்டோ எடுக்காத மத்த ஆறு நாள் அந்தச் சங்கம் என்ன பண்ணுதுங்கிறதுல இருக்கு. அந்த வாரத்தைத்தான் இங்க பிரிச்சுப் பார்க்கப் போறோம். உதாரணத்துக்கு நம்ம காஞ்சிபுரத்தையே எடுத்துக்குவோம்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்

1905 பிப்ரவரி 23. சிகாகோவுல பால் ஹாரிஸ்ங்கிற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு தையல்காரர், ஒரு சுரங்க இன்ஜினியர்னு நாலு பேர், அந்த இன்ஜினியரோட ஆபீஸ்ல கூடினாங்க. அடுத்தடுத்த கூட்டங்களை ஒவ்வொருத்தர் ஆபீஸ்லயும் மாத்தி மாத்தி நடத்தினாங்க. இப்படிச் சுழற்சியா நடந்ததாலதான் 'ரோட்டரி'ன்னு பேரு. ஆரம்பத்துல நட்பும் தொழில் தொடர்பும்தான் நோக்கம். சேவை அப்புறம்தான் வந்துச்சு. அவங்க எடுத்துக்கிட்ட முதல் பொதுவேலை என்ன தெரியுமா? நகரத்துல பொதுக் கழிப்பறை கட்ட வைக்கிறது.

அன்னையிலிருந்து வாரக் கூட்டம்தான் சங்கத்தோட அடிப்படை. 2016-க்குப் பிறகு மாசத்துக்கு ரெண்டு கூட்டம் போதும்னு விதியைத் தளர்த்தியிருக்காங்க. ஆனாலும் பல சங்கங்கள் இன்னும் வாரம் தவறாம கூடுது. கூட்டம் பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும். மணி அடிப்பாங்க, தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவாங்க, சிறப்பு விருந்தினர் பேசுவார், செயலாளர் அறிக்கை படிப்பார், தேசிய கீதத்தோட முடியும். இதுல உண்மையான வேலை நடக்குறது செயலாளர் அறிக்கை படிக்கிற அந்தப் பத்து நிமிஷத்துல. போன வாரம் யார் எந்த வேலையை ஏத்துக்கிட்டாங்க, முடிஞ்சுதா, முடியலைன்னா ஏன்? எல்லார் முன்னாடியும் இந்தக் கேள்வி வரும்னு தெரிஞ்சாலே பாதி வேலை நடந்துடும்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு தகவல். ரோட்டரி சின்னத்துல 24 பல், 6 ஆரம், நடுவுல ஒரு கீவே இருக்கும். 1920-கள்ல அந்தச் சின்னத்தைத் திருத்தி வரைஞ்சவங்க இன்ஜினியர்கள். கீவே இல்லாத சக்கரம் ஷாஃப்ட்டோட பிடிப்பில்லாம சும்மா சுத்தும், பவரைக் கடத்தாதுங்கிறதாலதான் பிறகு கீவேயைச் சேர்த்தாங்க. சங்கத்துக்கு வாரக் கூட்டம் அப்படிப்பட்ட ஒரு கீவேதான். அது நின்னுபோனா உறுப்பினர்கள் இருப்பாங்க, ஆர்வம் இருக்கும், வேலை மட்டும் நகராது.

பதவி ஒரு வருஷம், கணக்கு எப்பவும்

ரோட்டரி, அரிமா ரெண்டுலயும் தலைவர் பதவி ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். ஒரு வருஷம்தான். இதைக் கேட்டா நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு உத்திரமேரூர் ஞாபகம் வரணும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. ஊர் வேலைகளைப் பார்க்க ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம்னு குழுக்களைக் குடவோலை முறையில எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு அதுல விரிவா வெட்டி வெச்சிருக்காங்க. பதவிக்காலம் 360 நாள். வயசு 35-லிருந்து 70-க்குள்ள இருக்கணும். கடந்த மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவர் மறுபடி வர முடியாது. ரொம்ப முக்கியமான விதி இது: பதவியில இருந்துட்டு கணக்குக் காட்டாதவரும் அவரோட நெருங்கின உறவினர்களும் தகுதி இழப்பாங்க. கி.பி. 921-லேயே கணக்குக்கு இவ்வளவு முக்கியத்துவம்!

இன்னைக்கு நல்லா ஓடுற சங்கத்துல இதே எண்ணம் வேற வடிவத்துல இருக்கு. பணம் ரெண்டு பையா பிரிஞ்சிருக்கும். உறுப்பினர் சந்தா ஒரு பை. கூட்டச் செலவு, டீ, சாப்பாடு, பேனர் எல்லாம் அதுலதான். மக்கள்கிட்ட நன்கொடையா வாங்கினது இன்னொரு பை. அது முழுசா சேவைக்குத்தான் போகணும். இந்த ரெண்டும் கலந்துட்டா சங்கத்து மேல இருக்கிற நம்பிக்கை போயிடும்.

ரெண்டு அமைப்புக்கும் ஒரே மாதிரி குறையும் இருந்துச்சு. உத்திரமேரூர்ல வாரியத்துக்கு வரணும்னா சொந்த நிலம், சொந்த வீடு, வேதப் படிப்பு வேணும். அதாவது ஊர்ல பெரும்பாலானவங்க வெளியேதான் நின்னாங்க. ரோட்டரியோ 1980-கள் வரைக்கும் பெண்களைச் சேர்க்கலை. கலிஃபோர்னியாவுல டுவார்டேங்கிற ஊரோட சங்கம் பெண்களைச் சேர்த்ததுக்காக வெளியேத்தப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1987-ல் பெண்களுக்குச் சாதகமா தீர்ப்பு வந்தது. 1989-ல் உலகம் முழுக்க விதி மாறுச்சு. ஒரு சங்கத்துக்குள்ள யாரெல்லாம் வர முடியும்ங்கிறதும் அதோட சேவையில ஒரு பகுதிதான்.

கண் முகாம்: ஒரு நாள் கூட்டம், ஒரு மாச வேலை

1925-ல் ஹெலன் கெல்லர் அரிமா மாநாட்டுல பேசி, பார்வையற்றவங்களுக்காக உழைக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் கண் பணி அரிமாவோட அடையாளமாவே ஆயிடுச்சு. தமிழ்நாட்டுல இதுக்கு இன்னொரு பலம் கிடைச்சுது. 1976-ல் மதுரையில டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊரா முகாம் நடத்துற முறையை வளர்த்துச்சு. டாக்டரும் கருவியும் மருத்துவமனை கொண்டுவரும். இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுறது எல்லாம் உள்ளூர் சங்கத்தோட பொறுப்பு.

காஞ்சிபுரத்துக்கு இது ஏன் முக்கியம்? பிள்ளையார்பாளையம் மாதிரி நெசவாளர் தெருக்களை நினைச்சுப் பாருங்க. பட்டுப் பாவுல ஆயிரக்கணக்கான இழை. ஒண்ணு அறுந்தா கண்டுபிடிச்சு முடிச்சுப் போடணும். நாப்பது வயசைத் தாண்டினா யாருக்கும் கிட்டப் பார்வை மங்கும். நம்ம ஊர்ல அதுக்கு 'வெள்ளெழுத்து'ன்னு பேரு. நமக்கு அது பேப்பர் படிக்கிற பிரச்சினை. நெசவாளருக்கு அது கூலிப் பிரச்சினை. அசாம் தேயிலைத் தோட்டத்துல நாப்பது வயசைத் தாண்டின தொழிலாளர்கள்கிட்ட ஒரு ஆய்வு நடத்தி 2018-ல் வெளியிட்டாங்க. கிட்டப் பார்வைக் கண்ணாடி கிடைச்சவங்க இலை பறிக்கிற அளவு, கிடைக்காதவங்களைவிட சுமார் 22 சதவீதம் கூடுதலா உயர்ந்திருந்தது. இலை பறிக்கவே இப்படின்னா, கோர்வைச் சேலை நெய்யறவங்க நிலைமையை யோசிங்க.

இப்போ முகாமோட வாரக் கணக்கைப் பார்ப்போம். மூணு வாரம் முன்னாடி, தெருத் தெருவா போய் யாருக்குக் கண் பிரச்சினைன்னு பட்டியல் எடுக்கணும். தறி நிக்குற நேரம் கூலி போகும்ங்கிறதால, எந்த நாள் அவங்களுக்கு வசதின்னும் கேட்கணும். முகாம் அன்னைக்கு டோக்கன் கொடுக்கிறது, பெயர் எழுதுறது, வயசானவங்களைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறது. அன்னைக்குத்தான் போட்டோ. அடுத்த வாரம் பவர்படி செஞ்ச கண்ணாடி சரியான ஆள்கிட்ட சேர்ந்துச்சான்னு பார்க்கணும். கண்புரை ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டவங்களை வேன்ல அனுப்பணும். பயத்துல வராம நின்னுட்டவங்க வீட்டுக்குத் திரும்பப் போய் பேசணும். ஆபரேஷன் முடிஞ்சு சொட்டு மருந்து ஒழுங்கா போடுறாங்களா, மறுபரிசோதனைக்குப் போனாங்களான்னு விசாரிக்கணும். முகாம் தேதியோட நிறுத்திக்கிற சங்கத்துக்கும் இந்தப் பட்டியலைக் கடைசி பேர் வரைக்கும் முடிக்கிற சங்கத்துக்கும் வித்தியாசம் இங்கதான் தெரியும்.

ரத்தம்: பேட்ச்சா, ஃப்ளோவா?

நம்ம காலேஜ்கள்ல அதிகமா நடக்குற சேவை ரத்ததான முகாம். பெரும்பாலும் தலைவர்கள் பிறந்தநாள், இல்லைன்னா அக்டோபர் 1, தேசிய தன்னார்வ ரத்ததான தினம். ஒரே நாள்ல நூத்துக்கணக்கான பேர் கொடுத்தா கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ரத்தத்துக்கு எக்ஸ்பைரி டேட் இருக்கு. பிரிச்செடுத்த சிவப்பணுக்கள் 35-லிருந்து 42 நாள் வரைக்கும்தான் தாங்கும். தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், வெறும் 5 நாள்.

காரப்பேட்டையில அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. கீமோ எடுக்குறவங்களுக்குத் தட்டணு குறையறது சகஜம். மழைக்காலத்துல டெங்கு வந்தா அந்தத் தேவையும் சேர்ந்துக்கும். நோயாளிக்கு எந்த வாரம் வேணும்னு காலண்டர் பார்த்து வராது. போன மாசம் நடந்த பெரிய முகாம்ல எடுத்த தட்டணு இந்த வாரம் யாருக்கும் உதவாது.

இதை ஒரு இன்ஜினியரிங் கணக்காவே போடலாம். ஆண்கள் 3 மாசத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். வயசு 18 ஆகியிருக்கணும், எடை குறைஞ்சது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக்கூடாது. 130 பசங்க பேர் கொடுத்திருக்காங்கன்னு வைங்க. வாரத்துக்கு 10 பேர்னு அனுப்பினா 13 வாரம் ஆகும். 13 வாரம்னா 91 நாள். அதுக்குள்ள முதல் வாரம் கொடுத்த 10 பேரும் மறுபடி தயார். பெண்களுக்கு நாலு மாசக் கணக்குல இன்னொரு வரிசை. அதே ஆட்கள், அதே அளவு ரத்தம். வருஷம் முழுக்க ஓடுற குழாயாகிடும். எந்த வாரம் எவ்வளவு வேணும்னு ரத்த வங்கிகிட்ட முன்கூட்டியே கேட்டுக்கிட்டா வீணாகவும் ஆகாது. இதுக்கு மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு எக்செல் ஷீட்டும், வெள்ளிக்கிழமை தவறாம பத்து பேருக்கு போன் பண்ற ஒரு ஆளும் போதும்.

நம்ம பங்கு

என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969-ல் செப்டம்பர் 24 அன்னைக்கு 37 பல்கலைக்கழகங்கள்ல ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை செய்யணும், கூடவே ஒரு 7 நாள் முகாம். 240 மணி நேரம்னா மலைப்பா இருக்கும். வருஷத்துக்கு 120, வாரத்துக்குப் பிரிச்சா சுமார் ரெண்டே கால் மணி நேரம். ஒரு சினிமா பார்க்குற நேரம்! கடைசி மாசத்துல மொத்தமா கணக்குக் காட்ட ஓடுறதாலதான் அது சர்டிஃபிகேட் வேலையா மாறிடுது.

2019-ல் அத்தி வரதர் தரிசனம் ஜூலை 1-லிருந்து 48 நாள் நடந்தப்போ ஊரே தொண்டர்களா மாறினதை காஞ்சிபுரத்துக்காரங்க மறந்திருக்க மாட்டாங்க. அந்த மாதிரி பெரிய நிகழ்வுக்கு ஆள் சேர்க்குறது கஷ்டமே இல்லை. யாரும் கவனிக்காத ஒரு சாதாரண வாரத்துல அதே ஆட்களைத் திரும்ப வர வைக்குறதுதான் கஷ்டம்.

இந்த செமஸ்டர்ல ஏதாவது ஒரு சங்கத்துல சேரலாம்னு நினைச்சா, சேர்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. போன மூணு மாசத்துல எத்தனை கூட்டம் நடந்துச்சு? நன்கொடைக் கணக்கை யார் வேணும்னாலும் பார்க்கலாமா? போன முகாமுக்கு வந்தவங்களை அப்புறம் யாராவது போய்ப் பார்த்தாங்களா? மூணுக்கும் தெளிவா பதில் வந்தா தயங்காம சேருங்க. பதில் வரலைன்னாலும் சேரலாம். ஆனா முதல் கூட்டத்துலயே அந்தப் பட்டியல் எழுதுற நோட்டை நீங்க கையில வாங்கிக்கோங்க.