தணிக்கத் தகும் துயர்

கருப்பை, கருப்பைவாய், சினைப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் பெண்களின் உடலோடு உள்ளத்தையும் வருத்துவன. நோயை முற்றிலும் நீக்க இயலாத நிலையில், ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று உறவினர் மனம் தளர்வதுண்டு. அக்கூற்று தவறென மெய்ப்பித்த மருத்துவத் துறையே நோய் ஆதரவு சிகிச்சை ஆகும்.

செவிலியாகவும் மருத்துவச் சமூகப் பணியாளராகவும் தொண்டாற்றிப் பின்னர் மருத்துவரானவர் சிசிலி சாண்டர்ஸ். அவர் 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஆதரவு இல்லத்தைத் தொடங்கினார். உடல்நோவு, மனக்கலக்கம், குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு ஆகிய நான்கும் கலந்ததே நோயாளியின் வலி என்று விளக்கிய அவர், அதனை ‘முழுமை வலி’ எனக் குறித்தார்.

கருப்பைவாய்ப் புற்று பரவி இடுப்புக்குழி நரம்புகளை அழுத்தும்போது இடுப்பிலும் காலிலும் கடும் வலி எழும். அதனைத் தணிக்க வாய்வழியாக மார்ஃபின் தரப்படுகிறது. வலி மிகுந்தபின் தருவதைவிட, அது மீண்டும் எழாதவாறு குறித்த நேர இடைவெளியில் தருவதே முறையாகும். மருத்துவர் மேற்பார்வையில் அளவறிந்து தரப்படும்போது நோயாளி மருந்துக்கு அடிமையாதல் அரிது. எனினும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த கடும் நடைமுறைகளால் மருத்துவமனைகளே இம்மருந்தைப் பெறுதல் அரிதாயிற்று. 2014ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அத்தடையைத் தளர்த்தியது.

வலியினும் கொடியது தனிமை. புற்றுப்புண்ணின் துர்நாற்றத்துக்கு நாணி, பெண்கள் சிலர் தம் மக்களிடமிருந்தே விலகி வாழ்வர். மெட்ரோனிடசோல் என்னும் எளிய மருந்து அந்நாற்றத்தைக் குறைத்து, அவர்கள் மீண்டும் குடும்பத்தாரோடு அமர்ந்து உண்ண வழிசெய்கிறது. குருதிப்போக்கைக் கதிர்வீச்சால் கட்டுப்படுத்தலாம். சினைப்பைப் புற்றால் வயிற்றில் தேங்கும் நீரைக் குழாய்வழி வெளியேற்றினால் மூச்சுத்திணறல் குறையும்.

இச்சிகிச்சை இறுதி நாள்களுக்கு மட்டும் உரியதன்று. நோய் கண்டறியப்பட்ட நாள்முதல் பிற சிகிச்சைகளுடன் இணைத்தே வழங்கத்தக்கது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இதனை நோயாளியின் இல்லத்திற்கே கொண்டு செல்கிறது. ஆயினும், துன்பத்தை அவர் வாய்விட்டுக் கூறினாலன்றி மருத்துவம் உதவ இயலாது. தாயோ தமக்கையோ நாணமின்றித் தம் நோயைச் சொல்லவும், அருவருப்பின்றி அதனைச் செவிமடுக்கவும் இடமளிக்கும் இல்லத்திலேயே இச்சிகிச்சை தொடங்குகிறது.