உதிர்ந்த சருகு யாருடையது?

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாசியும் பங்குனியும் விளக்குமாற்று மாதங்கள் என்றால் மிகையாகாது. மேலைநாட்டுக் கதைகளில் குளிர் தொடங்கும் முன் இலைகள் உதிர்வதாகப் படித்திருக்கிறோம். தில்லியிலோ குளிர் விடைபெறும்போதுதான் மரங்கள் இலையைக் களைகின்றன. பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் வரை வேம்பும் அரசும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்க்கின்றன. வரவிருக்கும் கொடிய கோடையைத் தாங்க, நீரை வீணே ஆவியாக்கும் பழைய இலைகளை உதறிவிட்டுப் புதுத்தளிர் விடுவது அவற்றின் இயல்பு. வெறுங்கிளையாய் நின்ற வேம்பு சில நாட்களிலேயே செந்தளிர் போர்த்து நிற்பதைக் காணாதார் இலர். சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்கு நாம் தேடும் வேப்பம்பூவும் அதன் பின்னர் வருவதே.

1911ஆம் ஆண்டு தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931இல் புதுதில்லி திறந்துவைக்கப்பட்டது. புதிய நகரின் சாலையோரங்களில் வேம்பும் நாவலும் நீர்மருதும் புளியும் வரிசையாக நடப்பட்டன. அந்த நிழலில் நடந்தே நம்மவர் பலர் உத்தியோகத்துக்குச் சென்று வந்தனர். நிழலை விரும்புவோர் சருகையும் ஏற்கத்தான் வேண்டும். "இலை தொல்லையாக இருக்கிறது, மரத்தை வெட்டிவிடலாம்" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி மரத்தை வெட்டுதல் குற்றமாகும். ஆகவே மரம் இருக்கும்; இலையும் விழும். அதை என்ன செய்வது என்பதே கேள்வி.

நாம் வசிக்கும் ரயில்வே குடியிருப்பில் நடந்த ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். எங்கள் கட்டடத்தின் முன் பெரியதோர் அரசமரம் நிற்கிறது. கீழ்வீட்டில் கட்வாலைச் சேர்ந்த ஒரு மூதாட்டியார் வசிக்கிறார். நாள்தோறும் மாலையில் இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீயிடுவது அவர் வழக்கம். இரண்டாம் மாடியில் ஓர் இரயில் ஓட்டுநரின் குடும்பம். அவருடைய ஏழு வயதுப் பெண்ணுக்கு இழுப்பு நோய் உண்டு. பங்குனியில் ஓரிரவு அக்குழந்தைக்கு மூச்சுத்திணறல் முற்றி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. தந்தையோ அன்று வண்டியில் வெளியூர் சென்றிருந்தார். குழந்தை பிழைத்து வீடு திரும்பிய பின்னர் இரு குடும்பத்தாருக்கும் பேச்சு நின்றது. காவல் நிலையம் செல்வதாகவும் சொல்லப்பட்டது.

நாமும் வேறு இருவரும் அம்மூதாட்டியாரிடம் சென்றோம். "மாதாஜி, தங்கள் வாசற்புகை மேல்வீட்டுக் குழந்தையின் அறையில் போய் நிற்கிறது" என்றோம். அவர் சினக்கவில்லை, தம் கையை நீட்டிக் காட்டினார். விளக்குமாறு பிடித்துக் காய்ப்பேறிய கை. "மரம் சர்க்காருடையது, பேட்டா. நிழல் எல்லோருக்கும், குப்பை மட்டும் எனக்கா? கூட்டி வைத்தால் வண்டி வருவதில்லை. விட்டு வைத்தால் கொசு அடைகிறது. இருபது வருடமாக மேலேயிருந்து ஒருவராவது இறங்கி வந்து கூட்டியதுண்டா?" என்று வினவினார். விடை கூற எவராலும் இயலவில்லை.

சருகு கீழ்வீட்டு வாசலில் விழுகிறது. புகை மேல்வீட்டுச் சன்னலில் நுழைகிறது. ஒருவர் படும் பாடு மற்றவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பகை அங்கேதான் பிறக்கிறது.

எரித்தல் தவறு என்பதில் ஐயமில்லை. ஈரமும் காற்றோட்டக் குறைவும் உள்ள சருகுக் குவியல் சுடர்விட்டு எரியாமல் கனன்று புகைகிறது. அப்புகையில் கார்பன் மோனாக்சைடும், தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவான நுண்துகள்களும் உள்ளன. இத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை செல்பவை. குழந்தைகளும் முதியோரும் இழுப்பு நோயாளரும் முதலில் துன்புறுவர். சருகோடு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து எரிந்தால் கேடு பன்மடங்காகும். ஆதலின் 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் இலையையும் குப்பையையும் வெளியில் எரிப்போருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2016 டிசம்பரில் நாடு முழுமைக்கும் அத்தகைய தடை பிறப்பிக்கப்பட்டது. எனினும் அபராதச் சீட்டு அண்டை வீட்டாரை நண்பராக்காது.

எங்கள் கட்டடத்தார் கண்ட வழி எளியது. பொறியியல் பிரிவினரிடம் சொல்லி அனுமதி பெற்று, சுவரிலிருந்தும் மரத்தின் அடியிலிருந்தும் விலகிய ஒரு மூலையில், பழைய செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் மும்மூன்று அடி. அரையடிக்குச் சருகு, அதன்மேல் காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் ஒரு படலம், அதன்மேல் கைப்பிடி மண் அல்லது சாணக்கரைசல் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். சருகு மட்டுமே இருந்தால் மட்கத் தாமதமாகும். பசுங்கழிவு சேர்ந்தால் விரையும். எண்ணெய்ப் பண்டமும் மீன், இறைச்சியும் கூடா, எலி வரும். பிழிந்த துணியின் ஈரம் போதுமானது. உப்பிடாத அரிசி களைந்த நீர் இதற்கு மிக ஏற்றது. பத்து நாளுக்கொரு முறை கிளறிவிட வேண்டும். தடித்த அரசிலையை மிதித்து நொறுக்கிப் போடுதல் நலம். பங்குனியில் இட்டது புரட்டாசிக்குள் கறுத்து, மண்வாசனை வீசும் எருவாகும்.

மரத்தின் அடியிலேயே ஒரு பகுதிச் சருகைப் பரப்பிவிடலாம். வெயிலில் மண் காயாமல் காக்கும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டுத் தளம் இருக்கலாகாது என்று 2013இல் அதே தீர்ப்பாயம் ஆணையிட்டதும் வேருக்கு நீரும் காற்றும் கிடைப்பதற்காகவே.

இன்னும் சில சிறு கடமைகள் உள. சருகைச் சாக்கடையில் தள்ளுதல் ஆகாது. மே மாதத்துப் புழுதிப்புயல் மேலும் இலையைக் கொணர்ந்து சேர்க்கும். ஜூன் இறுதியில் மழை தொடங்குங்கால் அடைபட்ட நீர் கீழ்வீட்டாரின் வாசலில்தான் ஏறும். பிறர் சுவரை ஒட்டிக் குவித்தால் கரையான் ஏறும், தேள் அடையும். உலர்ந்த சருகின்மேல் சூடான வண்டியை நிறுத்தினால் தீப்பற்றக் கூடும். இரவுப் பணி முடித்து வந்த ஓட்டுநரும் கார்டும் உறங்கும் வேளையில் அவர்கள் சன்னலடியில் கூட்ட வேண்டா. புழுதி எழாமல் சிறிது நீர் தெளித்துக் கூட்டலாம். குப்பை அள்ளும் தொழிலாளர் வெறுங்கையால் அள்ளுவர். சருகில் கண்ணாடித் துண்டும் சவர அலகும் கலவாதிருக்கட்டும்.

இவையனைத்தினும் மேலானது, மாடியில் இருப்போர் கீழே இறங்கி வருவது. இப்போது எங்கள் கட்டடத்தில் ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒருவர் அரைமணி நேரம் கூட்டுகிறோம். ஓட்டுநரின் மனைவிதான் முதலில் விளக்குமாறு எடுத்து வந்தார். மூதாட்டியார் சில நாள் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேநீர் கொண்டுவந்து தந்தார். தீ அன்றோடு நின்றது. இருவரும் உறவாடுகிறார்கள் என்று சொல்வதற்கில்லை; ஆயினும் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

உற்றார் உறவினர் ஆயிரம் கல் தொலைவில் இருக்க, நள்ளிரவில் நாம் தட்டக்கூடிய கதவு அண்டை வீட்டுக் கதவே. அவர் பேசும் மொழி வேறாக இருக்கலாம், மூச்சு ஒன்றுதான். எனவே அன்பர்களே, வரும் பங்குனியில் நம் வாசலைக் கூட்டும்போது பக்கத்து வாசலிலும் நான்கு முழம் சேர்த்தே கூட்டுவோமாக.