கடைக்கு வராத இசைத்தட்டுகள்

இசைத்தட்டு என்றவுடன் கடையில் விலை கொடுத்து வாங்கும் பொருளே நம் நினைவுக்கு வருகின்றது. மாணவ நண்பர்களே, பதிவான ஒலிகளுள் கடைக்கு வந்தவை ஒரு பகுதியே என்பதனை நீங்கள் அறிதல் வேண்டும். பாடகர் ஒருவர் ஒரே பாட்டினை இரண்டு மூன்று முறை பாடியிருப்பார். கம்பெனியார் அவற்றுள் ஒன்றனைத் தேர்ந்து வெளியிடுவர், எஞ்சியவை ஒதுக்கப்படும். இவையன்றிக் கச்சேரி மேடையிலும், வானொலி நிலையத்திலும், வீட்டுத் திண்ணையிலும் பதிவாகி, ஒருநாளும் விற்பனைக்கு வாராதவை பல. இவற்றைத் தேடித் தொகுத்து வெளியிடுதல் மேலைநாடுகளில் பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளது. பிங்க் ஃபிளாய்டு என்னும் இங்கிலாந்து நாட்டு ராக் இசைக்குழு, 1965 முதல் 1972 வரையிலான தன் தொடக்கக் காலப் பாட்டுகளையும் காட்சிகளையும், அதுவரை வெளிவராதன பலவற்றோடு சேர்த்து, 27 வட்டுகள் அடங்கிய பெட்டியாக 2016ஆம் ஆண்டு வெளியிட்டது. அவ்விசை நம் செவிக்கு இனிக்குமா என்பது வேறு செய்தி. என் செவிக்கு அவ்வளவாக இனிக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட நாடாக்களை அழியாமல் காத்து வைத்திருந்தார்களே, அதுவே நாம் கருதத் தக்கது.

நம் நாட்டின் கதை 1902ஆம் ஆண்டு தொடங்குகின்றது. அவ்வாண்டு பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டுகளைப் பதிவு செய்தார். கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவார். இது தற்பெருமை அன்று. தட்டுகள் அச்சானது ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில். மொழியறியாத தொழிலாளர் இன்னார் பாட்டு என்று தெரிந்து பெயர்த்தாள் ஒட்டுதற்கு அவ்வறிவிப்பு உதவிற்று. 1908ஆம் ஆண்டில்தான் கல்கத்தாவில் ஆலை அமைந்தது. தட்டின் நடுவே ஒட்டிய தாளை அடுத்துள்ள வெற்றிடத்தை உற்று நோக்கினால் கீறியதுபோன்ற சில எண்கள் காணப்படும். எந்தப் பதிவு, பல நேரங்களில் எத்தனையாவது முறை பாடியது, என்பதற்கு அவ்வெண்களே சான்று. தொகுப்பாசிரியனுக்குப் பாட்டைவிட அந்த எண்ணே முதலில் கண்ணில் படும்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாட இயலும். ஒரு மணி நேரம் ராகம் பாடும் வித்துவான் மூன்று நிமிடத்தில் எதைப் பாடுவார்? ஆயினும் அச்சிறு பொழுதில் கோயம்புத்தூர் தாயி அம்மையார் செய்து காட்டியது வியப்புக்குரியது. 1872இல் பிறந்து 1917இல் மறைந்த அவ்வம்மையாரின் தட்டுகளில் ஒன்று திருவருட்பாவை ராகமாலிகையாகப் பாடியது. 1912ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த மோரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசைப் புலவர், அத்தட்டினைத் தழுவி 'ராகமாலிகா' என்ற பெயரிலேயே பியானோவுக்கு ஓர் இசை அமைத்தார். நம் இசையின் ஒலி வருதற்காகப் பியானோத் தந்தி ஒன்றன் அடியில் அட்டைத் துண்டு செருகுமாறும் குறித்தார். ஒரு தட்டு கைக்குக் கிடைத்ததனால் விளைந்தது இது.

கிடைக்காமற் போனதற்கும் நம் பக்கத்திலேயே சான்றுண்டு. முன்னாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர் நாயனாப் பிள்ளை (1889–1934). லயத்தில் அவருக்கு நிகரில்லை என்பர். பக்கவாத்தியக்காரர் பலர் புடைசூழ அவர் பாடிய கச்சேரிகளைப் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை. ஆனால் அவர் இசைத்தட்டுக்குப் பாட இசையவில்லை. அவர் குரல் ஒரு நிமிட அளவும் நமக்குக் கிட்டவில்லை. அவருடைய மாணாக்கர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் தட்டுகளைக் கேட்டும், இளமையில் அவர் பாட்டைக் கேட்டு ஊக்கம் பெற்ற டி. கே. பட்டம்மாளின் தட்டுகளைக் கேட்டும், குரு இவ்வாறு பாடியிருக்கலாம் என்று ஊகிக்கின்றோம். மூன்று நிமிடத்துள் தம் கலையை அடைத்தல் ஆகாது என அவர் கருதியிருந்தால், அதனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. எனினும் இழப்பு இழப்பே.

வானொலியின் நிலை இடைப்பட்டது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாள் தொடங்கிற்று. தொடக்கக் காலத்தில் கச்சேரிகள் நேரடியாக ஒலிபரப்பாகிக் காற்றோடு போயின. ஒலிநாடா வந்த பின்னரும் அது விலை மிக்கதாதலின், ஒன்றனை அழித்து மற்றொன்றைப் பதிதல் உலகெங்கும் வழக்கமாயிருந்தது. எஞ்சியவற்றுள் சிலவற்றை 2003 முதல் 'ஆகாசவாணி சங்கீத்' என்ற பெயரில் வெளியிட்டனர்.

இவையெல்லாம் பெரியோர் கச்சேரிகள். பெயரில்லாதார் பாட்டின் நிலை என்ன? 1986இல் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, மாணவர் நால்வருடன் மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள ஒரு மீனவர் குப்பத்துக்குச் சென்று, கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டுகளை ஒலிநாடாப் பேழையில் பதிந்தேன். முன்பாட்டுப் பாடிய பெரியவர், "மிஷின் படகு வந்துடுச்சு வாத்தியாரே, இனிமே இதை யாரு கேக்கப் போறாங்க?" என்றார். அவருக்கு ஒரு படி கொடுத்தேன். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப் பேரலையில் அவர் வீட்டுப் பொருள்களோடு அதுவும் போயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் பேரன் என்னிடம் வந்தான். அதற்குள் என் பழைய மாணவர் ஒருவர் அப்பதிவைக் கணிப்பொறியில் ஏற்றி, அலையோசையும் இருமலும் நீக்கித் தூய்மை செய்திருந்தார். பேரன் அதைக் கேட்டு வாளாவிருந்தான். தூய்மை செய்யாத மூலத்தை ஓட்டினேன். இருமல் கேட்டதும், "எங்க தாத்தா!" என்றான்.

ஆதலின் இரைச்சலை நீக்கிய படி எத்தனை செய்தாலும், மூலத்தின் படி ஒன்று தொடாமல் இருத்தல் வேண்டும். அம்பாவில் அலையும் ஒரு தாளமே. அதனை நீக்கினால் கயிறு இழுபடும் காலம் தெரியாமற் போகின்றது.

வேகத்திலும் கருத்து வேண்டும். பழைய தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று என்று எண்ணிவிடலாகாது. 73, 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும். பாடியவரின் குரலே வேறாகிவிடும். உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் கட்டையைக் கொண்டு உண்மை வேகத்தைக் கணிப்பதுண்டு.

உரிமை பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வெளியான ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் நீடிக்கும். வெளிவராத பதிவுக்கு அக்கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. பாடியவரையோ அவர் குடும்பத்தாரையோ கேட்காமல் வெளியிடுதல் முறையன்று. நான் பேரனிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிய பின்னரே படி எடுத்துக் கல்லூரி ஒன்றுக்கு அளித்தேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டன் காலத்துத் தட்டுகள் இருக்கக்கூடும். நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றின் ஈரத்தால் அவற்றின் வரிகளில் பூஞ்சணம் பற்றும். அதனைத் துடைக்க ஸ்பிரிட்டை நாடாதீர்கள். பழைய தட்டு அரக்கினால் ஆயது. ஸ்பிரிட்டு அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் சிறிது மென்மையான சோப்புக் கலந்து, நடுத்தாள் நனையாதபடி, வரியின் போக்கிலேயே மெல்லத் துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். உறையில் இடுமுன் ஓரத்து எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் அதனை வாங்கியவர் யார், எந்த ஊர்க் கடையில் என்பதனையும், சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.