கயிறு விட்டுப் பூக்கும் மரம்

பெங்களூரு லால்பாக் பூங்காவுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறார். ஒன்றில் உயரமான கிளையிலிருந்து கயிறு மாதிரி ஏதோ தொங்குகிறது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, அதன் நுனியில் நாலைந்து மொட்டுகள். இன்னொன்றில் புல்லில் கிடக்கும் ஒரு பூ. உள்ளங்கை அகலம், காய்ந்த ரத்தத்தின் நிறம். "பெயர்ப்பலகை கண்ணில் படவில்லை. செல்போன் செயலியில் இலையைக் காட்டினால் ஒரு பெயர், பூவைக் காட்டினால் வேறொரு பெயர் வருகிறது. இது மரமா, மரத்தில் ஏறிய கொடியா?" என்று கேட்கிறார்.

மரம்தான். கயிறும் அந்த மரத்தினுடையதே. பெயர் கைஜீலியா, தமிழில் சிவகுண்டலம் என்பார்கள். ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகள் அதன் தாய்வீடு.

செயலி குழம்பியதில் வியப்பில்லை. ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசை கட்டிய மரங்கள் ஏராளம். செயலியிடம் பெயர் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் "எந்தச் செடியையும் நொடியில் அறியலாம்" என்ற விளம்பரத்தை நம்பி, விழுந்து கிடக்கும் பூவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ்களும் அடியில் ஒட்டிக் கிண்ணமாகியிருக்கும். தொட்டால் தோல் போலத் தடிப்பு. உள்ளே நான்கு மகரந்தத் தாள்கள், இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. மரமல்லியிலும் பாதிரியிலும் இதே கணக்குத்தான். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்த பாதிரிக்கு இந்த ஆப்பிரிக்க மரம் பங்காளி முறை.

பெயர் வந்த வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். மொசாம்பிக் மக்கள் இதை அழைத்த சொல்லிலிருந்துதான் கைஜீலியா வந்தது. பழைய பூங்காக்களின் பலகைகளில் 'கைஜீலியா பின்னேட்டா' என்று இருந்தால் அதுவும் இதே மரம். இன்று ஏற்கப்பட்ட பெயர் கைஜீலியா ஆப்பிரிக்கானா. இந்தப் பேரினத்தில் இது ஒன்றே இனம். அவ்வளவு போதும். எனக்குச் சொல்ல வேண்டியது அந்தக் கயிற்றைப் பற்றி.

பூவைக் கிளையிலேயே வைத்துக்கொள்ளாமல், சில மீட்டர் நீளத்துக்குக் காம்பு வளர்த்து, இலைக் கூட்டத்துக்கு வெளியே காற்றில் தொங்கவிட ஏன் இத்தனை பாடு? இந்தப் பூ விரிவது அந்திக்கு மேல். பெரும்பாலும் விடிவதற்குள் உதிர்ந்துவிடும். அது காத்திருப்பது பழந்தின்னி வௌவாலுக்காக. வாதாம் மரத்தடியில் காலையில் கடித்துப்போட்ட பழங்கள் கிடக்குமே, அந்த வேலையைச் செய்பவர்தான். பூச்சி பிடிக்கும் வௌவால் எதிரொலியைக் கொண்டு வழி அறியும். பழந்தின்னிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணும் மூக்கும்தான் துணை. விரித்த சிறகோடு இருட்டில் இலைச் செறிவுக்குள் நுழைவது அவற்றுக்குப் பெரும்பாடு. வெட்டவெளியில் தனியே ஆடும் பூ என்றால் பறந்து வந்து பற்றிக்கொள்ளலாம். நம்மை முகம் சுளிக்க வைக்கும் வாடைதான் அதற்கு அழைப்பு.

மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் கயிற்றில் கூடை கட்டி இறக்கிக் காய்கறி வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காய்காரர் படியேற வேண்டியதில்லை. மரமும் அப்படித்தான் கூடையை இறக்குகிறது. கூடைக்குள் காசு இருக்கிறது, அது தேன். வாங்க வேண்டிய சரக்கு, வேறொரு சிவகுண்டலத்தின் மகரந்தம். வௌவால் பூவைப் பற்றித் தலையை உள்ளே விட்டுத் தேனை நக்கும்போது, கொண்டுவந்த சரக்கு இறங்குகிறது. இந்த வீட்டுச் சரக்கு அதன் தலையில் ஏறுகிறது. ஒரு கயிற்றில் ஒரே இரவில் எல்லாக் கூடைகளும் திறப்பதில்லை. அதனால் வியாபாரி ஒரே வாசலில் வயிற்றை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது, தெருத்தெருவாகச் சுற்றியாக வேண்டும். மாடிக்காரர் கூடையை மேலே இழுத்துக்கொள்வார். மரம் இழுப்பதில்லை. சரக்கு வந்து சேர்ந்த கூடை அங்கேயே காயாகிறது. பூவைத் தாங்கிய அதே காம்பு கட்டையாக இறுகி, அரை மீட்டருக்கு மேல் நீண்டு 5 முதல் 10 கிலோ வரை எடை வைக்கும் காயைத் தாங்குகிறது. ஒரு பூவின் எடைக்கு முடைந்த கயிறு, ஒரு சிறு பை அரிசியின் எடையைத் தாங்கும்படி தன்னைத்தானே திரித்துக்கொள்கிறது. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆப்பிரிக்க மரத்துக்கு இங்கே வௌவால் கிடைத்ததா? கிடைத்தது. இயற்கையியலாளர் சார்லஸ் மெக்கான் 1931-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இந்த மரத்தின் பூக்களுக்கு வௌவால்கள் மகரந்தம் சேர்ப்பதைப் பற்றி எழுதிவிட்டார். கிடைக்காதவர் காயைத் தின்பவர்தான். ஆப்பிரிக்காவில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பபூன் குரங்கும் தின்று விதை பரப்புகின்றன. நம் பூங்காக்களில் காய் விழுந்து கிடந்து மட்கிப்போகிறது.

இணையத்தில் இந்தக் காயின் சாறு கலந்த களிம்புகள் விற்கின்றன. மார்பகத்தை எடுப்பாக்கும், தோல் புற்றுநோயைத் தீர்க்கும் என்கிறார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களின் மேல் காய்ச்சாற்றைச் சோதித்தது உண்மை. தட்டில் நடந்தது உடம்பிலும் நடக்கும் என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்டும்வரை அது மருந்தாகாது. பச்சைக் காய் நஞ்சு. வாந்தியும் பேதியும் வரும்.

வாசகரே, நீங்கள் போனது பகலில். அது கடை அடைத்திருக்கும் நேரம். அடுத்த முறை பூங்கா திறந்த உடனே போங்கள். கூட்டுவதற்கு முன் புல்லில் கிடக்கும் பூக்களைப் பொறுக்கி, இதழில் நகக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முந்தைய இரவு விருந்தாளி வந்து போயிருக்கிறார். படம் எடுத்து அனுப்புங்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு நில்லுங்கள், காய் தொங்கும் கிளைக்கு அடியில் மட்டும் வேண்டாம்.